வீழ்படிவின் பாதிச் சாட்சி

ஆல்கைல் ஹாலைடுகளின் கருக்கவர் பதிலீட்டு வினையைக் கல்லூரி ஆய்வகங்கள் இரண்டு வரிசைச் சோதனைக்குழாய்களில் காட்டிவிடுகின்றன. ஒன்றில் அசிட்டோனில் கரைத்த சோடியம் அயோடைடு, எஸ்.என்.2 வழிக்கு. மற்றதில் எத்தனாலில் கரைத்த சில்வர் நைட்ரேட், எஸ்.என்.1 வழிக்கு. கருவி வேண்டாம், கண் போதும்.

காட்சி தெளிவானதுதான். சோடியம் அயோடைடு அசிட்டோனில் நன்றாகக் கரையும். சோடியம் புரோமைடும் குளோரைடும் கரைவதில்லை. 1-புரோமோபியூட்டேன் சில நிமிடங்களில் கலங்கிவிடுகிறது. 1-குளோரோபியூட்டேனுக்கு 50 டிகிரி வெந்நீர் தேவை. சில்வர் நைட்ரேட்டிலோ மூவிணைய பியூட்டைல் குளோரைடு உடனே தயிர் போன்ற வெண்படிவு தருகிறது. 1-குளோரோபியூட்டேன் தெளிவாகவே நிற்கிறது. புரோமோபென்சீன் இரண்டிலும் அசையாது. பென்சைல் குளோரைடு இரண்டிலும் வினைபுரியும். மூலக்கூறின் அமைப்பு வினையின் போக்கை மாற்றுகிறது என்பதை மனத்தில் பதிக்க இதைவிட எளிய வழி இல்லை.

ஆனால் வீழ்படிவு சொல்வது ஹாலைடு வெளியேறியதை மட்டுமே. அந்த இடத்துக்கு எது வந்தது என்று சொல்வதில்லை. மூவிணைய கார்பன் நேரயனி எத்தனாலைப் பற்றி ஈதரானாலும், புரோட்டானை இழந்து ஆல்கீனானாலும், குழாயில் படிவது அதே சில்வர் குளோரைடுதான். போதாததற்கு, வெள்ளி அயனியே ஹாலஜனைப் பிடித்து இழுக்கிறது. இரு வரிசைகளிலும் கருக்கவர் பொருளும் கரைப்பானும் ஒருசேர மாறுவதால், எந்த வேறுபாட்டுக்கு எது காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. குழாயில் ஈரம் ஒட்டியிருந்தால் சோடியம் புரோமைடு கரைந்துவிடும். பதிவேட்டில் 'வினை இல்லை' என்று ஏறும்.

வினைவழியை நிறுவியது அளவீடுதான். வேதியியலாளர் ஹியூஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 1935இல் கதிரியக்க அயோடினைக் கொண்டு 2-ஆக்டைல் அயோடைடை ஆராய்ந்தனர். அயோடின் பரிமாற்றத்தைப் போல இருமடங்கு வேகத்தில் ஒளிசுழற்சி குறைந்தது. ஒவ்வொரு பதிலீடும் மூலக்கூறின் அமைப்பைத் தலைகீழாக்குகிறது என்பதற்கு அதுவே சான்று.

அந்த அளவுக்குப் போக வேண்டாம். கடிகாரம் ஒன்றைச் சேர்த்தாலே போதும். நீர் கலந்த அசிட்டோனில் மூவிணைய பியூட்டைல் குளோரைடு, அதில் பத்தில் ஒரு பங்கு சோடியம் ஹைட்ராக்சைடு, ஒரு துளி ஃபீனால்ஃப்தலீன். இளஞ்சிவப்பு மறையும் நேரத்தைக் குறிக்க வேண்டும். காரத்தை இரட்டித்தால் அந்த நேரமும் ஏறக்குறைய இரட்டிக்கும்: ஹைட்ராக்சைடு கூடியும் வேகம் கூடவில்லை. நீக்க வினையை இதுவும் பிரித்துக் காட்டாது, ஆனால் எஸ்.என்.1 என்ற பெயருக்கு ஓர் அளவை ஆதாரமாகத் தருகிறது. வீழ்படிவுச் சோதனை வினைத்திறனை வரிசைப்படுத்த இருக்கட்டும். வினைவழிக்குச் சான்றாக அதற்கு மதிப்பெண் போடுவதை நிறுத்தலாம்.