சத்திரமும் சட்டமும்

2025 மே 19 அன்று இலங்கைத் தமிழர் ஒருவரின் மனு உச்ச நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தது. நீதிபதிகள் தீபாங்கர் தத்தா, கே. வினோத் சந்திரன் ஆகியோர் அடங்கிய ஆயம் அம்மனுவை ஏற்க மறுத்தது. உலகின் எல்லாத் திசைகளிலிருந்தும் வருகிற அகதிகளை வைத்துப் பேண இந்தியா ஒரு தர்மசாலை அன்று என்றும், நூற்று நாற்பது கோடி மக்களோடு நாமே திணறிக்கொண்டிருக்கிறோம் என்றும் பொருள்பட ஆயம் வாய்மொழியாகக் குறிப்பிட்டது. தமிழ் ஏடுகள் அந்தத் தர்மசாலையைச் ‘சத்திரம்’ ஆக்கித் தலைப்பிட்டன. தேநீர்க் கடையிலும், திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நிற்கும்போதும், அச்சொல்லை எடுத்தாளாதவர் இல்லை. படித்தவர் சிலர், ஒரு பெரிய சிக்கல் ஒரே சொல்லில் தீர்ந்துவிட்டது போன்ற மனநிறைவோடு அதனைச் சொல்லக் கேட்டேன்.

தீர்ப்பின் சட்ட நுட்பங்களை ஆராய்வது சட்டம் பயின்றோர் வேலை. ஆனால் உவமை நீதிமன்றத்திற்குரிய தனியுடைமை அன்று. ஓர் உவமை பொருளோடு பொருந்துகிறதா என்று நிறுத்துப் பார்ப்பது திறனாய்வின் முதற்பாடம். இந்த உவமை பொருந்தவில்லை என்பதே என் எண்ணம். பொருந்தாத உவமை, தான் விளக்க வந்த பொருளை மறைத்தும் விடுகிறது.

முதலில் வழக்கை அதற்குரிய நேர்மையோடு சொல்லிவிட வேண்டும். மனுதாரர் 2015இல் கைதானவர். விடுதலைப் புலிகளோடு தொடர்புடையவர் என்ற குற்றச்சாட்டில், சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின்கீழ் 2018இல் பத்தாண்டுத் தண்டனை பெற்றார். சென்னை உயர் நீதிமன்றம் 2022இல் அதனை ஏழாண்டாகக் குறைத்து, தண்டனை முடிந்ததும் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும், அதுவரை முகாமில் இருக்க வேண்டும் என ஆணையிட்டது. விசாவோடு வந்தவன் நான், திரும்பினால் உயிருக்கு ஆபத்து, மனைவி மக்கள் இங்கே இருக்கிறார்கள், ஏறத்தாழ மூன்றாண்டுகளாக நாடுகடத்தவும் இல்லை, விடுவிக்கவும் இல்லை என்பது அவருடைய முறையீடு. இந்நாட்டில் குடியமரும் உரிமை அரசியலமைப்பின் 19ஆவது பிரிவின்படி குடிமக்களுக்கே உரியது என்பது நீதிமன்றத்தின் விடை. சட்டத்தின் எழுத்தைப் பார்த்தால் அதில் பிழை காண்பது எளிதன்று. தன் எல்லைக்குள் வருபவர் யார் என்று கேட்கும் உரிமை ஒரு நாட்டுக்கு உண்டு என்பதைத் திருச்சபையும் மறுத்ததில்லை. குற்றத் தீர்ப்புப் பெற்ற ஒருவரைப் பற்றி ஓர் அரசு கூடுதல் எச்சரிக்கையோடிருப்பதும் இயல்பே.

ஆனால், சத்திரம்?

செட்டிநாட்டில் வாழும் ஒருவன் இச்சொல்லைக் கேட்டுக்கொண்டு வாளாவிருக்க இயலாது. காசியிலும் கயையிலும் இராமேஸ்வரத்திலும் சத்திரம் எழுப்பியவர்கள் இவ்வூர்களின் நகரத்தார். சத்திரம் என்றால் கேட்பாரற்ற இடம், யாரும் நுழையலாம், யாரும் எவ்வளவு நாளும் கிடக்கலாம் என்பது சத்திரத்தின் வாசலை மிதித்தறியாதவர் கொண்ட கருத்து. சத்திரத்திற்கு ஓர் அறக்கட்டளை உண்டு. அதன் வருவாய்க்கென்று எழுதிவைத்த சொத்து உண்டு. மேற்பார்வைக்கு ஆள் உண்டு. வந்தவரின் பெயரும் ஊரும் பேரேட்டில் ஏறும். தங்குவதற்கு நாள்வரம்பு உண்டு. நகரத்தாரைப் போலக் காசுக்குக் காசு கணக்கு எழுதிய சமூகம் ஒழுங்கில்லாத ஒன்றை ஊர்விட்டு ஊர்போய்க் கட்டியிருக்குமா? சத்திரம் என்பது விதிகளோடு கூடிய விருந்தோம்பல். (சத்திரத்தை அளவுக்கு மீறிப் புகழவும் எனக்கு மனமில்லை. பழைய சத்திரங்கள் பலவற்றில் பந்தி சாதி பார்த்தே விரிந்தது. திண்ணைவரைகூட வர முடியாதவர் இருந்தனர். அந்த விதிகளையும் நாம் மறந்துவிடலாகாது.)

ஆகவே, இந்தியா சத்திரமன்று என்ற கூற்று ஒருவகையில் உண்மைதான். சத்திரத்தில் இருக்கும் விதி அகதியைப் பொறுத்தமட்டில் இங்கே இல்லை. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதி என்று ஒருவரை வரையறுத்து, அவருக்கு இன்னது உண்டு, இன்னது இல்லை என்று சொல்லும் சட்டமும் நம்மிடம் இல்லை. ஆங்கிலேயர் காலத்து 1946ஆம் ஆண்டின் அயல்நாட்டார் சட்டமே நெடுங்காலம் ஆண்டது. அதற்குப் பதிலாக 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள குடிவரவு மற்றும் அயல்நாட்டார் சட்டமும் அயல்நாட்டாரைப் பற்றியதேயன்றி அகதியைப் பற்றியதன்று. 2015 சனவரி 9ஆம் நாள் வரை வந்து பதிவு செய்துள்ள இலங்கைத் தமிழர்களுக்குக் கடவுச்சீட்டு, விசா இல்லாமைக்கான தண்டனையிலிருந்து ஓர் ஆணையின் வழியே விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. அது நல்லதே. எனினும், தண்டிக்கமாட்டோம் என்பது வேறு, நீ இன்னார் என்று ஏற்பது வேறு.

தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58 ஆயிரம் பேர் இருப்பதாக 2021இல் மாநில அரசு கணக்குச் சொன்னது. முகாமுக்கு வெளியே இன்னும் ஏறத்தாழ 34 ஆயிரம் பேர். நம் சிவகங்கை மாவட்டத்திலேயே ஒக்கூர், மூங்கிலூரணி போன்ற இடங்களில் முகாம்கள் உள்ளன. அவ்வாண்டில் ‘அகதிகள் முகாம்’ என்ற பெயர் ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாறிற்று; புதிய வீடுகளும் அறிவிக்கப்பட்டன. 1983இல் தொடங்கிய வருகை இது. நாற்பதாண்டுக் காலம் எவரும் சத்திரத்தில் தங்கியதில்லை. பேரன் பேத்தி எடுத்த பின்னும் ஆள்கணக்கெடுப்புக்கு அதிகாரியின் முன் வரிசையில் நிற்பதற்குச் சத்திரவாசம் என்று பெயரும் இல்லை.

குருமடத்தில் நாங்கள் மனப்பாடம் செய்த ஓர் இலக்கணம் நினைவுக்கு வருகிறது. சட்டமாவது அறிவின் ஒழுங்கு, பொதுநலனைக் குறித்தது, சமூகத்தின் பொறுப்பேற்றவரால் ஆக்கப்படுவது, பறைசாற்றப்படுவது என்று புனித தோமா அக்குவினார் நான்கு கூறுகளாக வகுக்கிறார். தேர்வுக்காகப் படித்தபோது நான்காவது கூறு எனக்கு அற்பமாகத் தோன்றியது. அறிவிக்காமல் யார் சட்டம் செய்வார் என்று நினைத்தேன். முகாம்வாசிகளோடு பழகிய பின்புதான் அதன் கனம் விளங்கிற்று. எந்த நாளில் எந்த ஆணை தங்களைக் கட்டும், எந்த அதிகாரி மாறினால் எந்தச் சலுகை போகும் என்பதை அவர்கள் முன்னதாக அறிய வழியில்லை. ஆணை உண்டு, சுற்றறிக்கை உண்டு, இரக்கமும் பல வேளைகளில் உண்டு. அவற்றையெல்லாம் சேர்த்தாலும் சட்டத்தின் ஆட்சி ஆகிவிடாது.

ஒழுங்கும் சட்டமும் ஒன்றல்ல என்பதை நம் மாவட்டத்து எழுத்தாளர் ஒருவர் மறக்கவொண்ணாத காட்சியாக்கியிருக்கிறார். சிங்கம்புணரியில் பிறந்து, இளமையில் சுமத்ராவின் மேடானுக்கு வட்டிக்கடை வேலைக்குப் போன ப. சிங்காரம், 1972இல் வெளிவந்த ‘புயலிலே ஒரு தோணி’ நாவலின் தொடக்கத்திலேயே ஜப்பானியப் படை அந்நகரில் நுழைவதைக் காட்டுகிறார். ஊரில் கொள்ளை. கொள்ளையரின் தலைகள் துண்டிக்கப்பட்டு மேசைமீது வரிசையாக வைக்கப்படுகின்றன. அதன்பின் நகரில் அமைதி நிலவுகிறது. மேசையைப் பார்த்தபடி மக்கள் கலைந்து போகிறார்கள். சிங்காரம் இதற்கு உரை எழுதுவதில்லை, கண்ணீரும் விடுவதில்லை. அந்த வறண்ட நடையே அவருடைய வலிமை. நாவலின் பிற்பகுதியில் சாகசம் சில இடங்களில் தேவைக்கு மேல் நீண்டுவிடுகிறது என்பது என் குறை. ஆனால் அந்தத் தொடக்கம் ஒன்றுக்காகவே, ‘கடுமையாக நடந்துகொண்டால் எல்லாம் சரியாகிவிடும்’ என்போர் அதனை ஒருமுறை வாசிக்க வேண்டும்.

அந்த நாவலின் மாந்தர் யார்? பிழைக்கப் போன இடத்தில் அந்நியராய் நின்ற நம்மவர். செட்டிநாட்டின் பெரிய வீடுகளைத் தாங்கி நிற்கும் தேக்குத் தூண்கள் எந்த நாட்டுக் காட்டிலிருந்து வந்தன என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 விழுக்காடாக இருந்த செட்டியார்களின் நிலவுடைமை, உலகப் பொருளாதார வீழ்ச்சியில் நெல் விலை சரிந்து கடன்கள் திரும்பாமற் போனதால், 1938இல் 25 விழுக்காடாயிற்று. பர்மிய உழவனின் கண்ணில் நாம் எப்படித் தோன்றியிருப்போம்? அவனுடைய கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆனால் அக்கோபத்தின் விலையைக் கொடுத்தவருள் நிலம் வாங்கிய முதலாளியைவிட மூட்டை தூக்கிய கூலிகளே மிகுதி. 1942இல் அவர்கள் நடந்தே வந்தனர். 1962இல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றிய பின் வெறுங்கையோடு கப்பலேறினர். காரைக்குடியில் இன்றும் பர்மா காலனி இருக்கிறது. அங்கே வந்திறங்கியவரைப் பார்த்து, இது சத்திரமா என்று அன்று எவரேனும் கேட்டிருந்தால்? அவர்கள் இந்தியர், இவர்கள் அயலார் என்று விடை வரும். சரி. அதே 1964இல் சிறிமாவோ, சாஸ்திரி ஒப்பந்தத்தால் இந்தியாவுக்குரியவர் என்று பங்கிடப்பட்ட மலையகத் தமிழர் 5,25,000 பேர். அந்த இந்திய வம்சாவளியைச் சேர்ந்தவரும் பின்னர் அகதிகளாக வந்து முகாமில் இருக்கின்றனரே! அத்தகைய 65 பேரின் வழக்கில், 2019 சூனில், மதுரைக் கிளையின் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இத்தனை காலம் ஒருவரை நாடற்றவராகக் கண்காணிப்பில் வைத்திருப்பது வாழ்வுரிமையைப் புண்படுத்துவதாகும் என்று கண்டார். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த பெண் ஒருவர், 1987 சூலை 1க்கு முன் இம்மண்ணில் பிறந்தவர் குடிமகவே என்ற சட்ட விதியைக் காட்டி, அதே மதுரைக் கிளையில் 2022இல் வென்று, 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். இவை இரக்கத்தால் வந்தவை அல்ல. சட்டத்தை ஊன்றிப் படித்ததால் வந்தவை.

2019 திசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் நிறைவேறியபோது நம்மவர் பலர் காத்த மௌனத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். மூன்று நாடுகள், ஆறு சமயங்கள் என்ற அந்தப் பட்டியலில் கிறிஸ்தவர் பெயர் இருந்தது; இலங்கையின் பெயர் இல்லை. மன்னாரிலிருந்து செபமாலையோடு வந்த கத்தோலிக்கப் பெண்ணுக்கு அதில் இடமில்லை, இசுலாமியருக்கும் இடமில்லை. பட்டியலில் நம் பெயர் இருந்ததே போதும் என்று இருந்துவிட்டோமோ?

அண்மையில் அமெரிக்காவிலும் இந்த வாதம் இறையியல் வடிவெடுத்தது. முதலில் குடும்பம், பின் அயலார், பின் நாட்டார், கடைசியில் உலகத்தார் என்பதே கிறிஸ்தவ அன்பின் ஒழுங்கு என்று 2025 சனவரியில் துணைக் குடியரசுத் தலைவர் ஜே.டி. வான்சு கூறினார். பிப்ரவரி 10 அன்று திருத்தந்தை பிரான்சிசு அந்நாட்டு ஆயர்களுக்கு எழுதிய மடலில், அன்பின் ஒழுங்கை நல்ல சமாரியரிடம் கற்க வேண்டும் என்றார். தன்னைக் காத்துக்கொள்ளும் நாட்டின் உரிமையையும் அவர் மறுக்கவில்லை. அன்புக்கு ஒழுங்கு உண்டென்று எழுதிய அக்குவினாரே, இறுதி நெருக்கடியில் இருக்கும் அயலானுக்கு, அந்நெருக்கடியில் இல்லாத சொந்தத் தந்தைக்கும் முன்னதாக உதவ வேண்டிய வேளை உண்டு என்றும் எழுதியிருக்கிறார். மேற்கோள் காட்டுவோர் பெரும்பாலும் அடுத்த பக்கத்தைப் புரட்டுவதில்லை.

எதிர்ப்பைப் பற்றியும் ஒரு சொல். திருச்சி மத்திய சிறை வளாகத்துச் சிறப்பு முகாமில் அடைக்கப்பட்டவர்கள் 2021லும் 2022லும் உண்ணாநோன்பிருந்தபோது, இருக்க இடம் கொடுத்தவனிடமே முறுக்கா என்று கேட்டவர் உண்டு. தண்டனை முடிந்தவன் ஏன் இன்னும் பூட்டுக்குள் இருக்கிறான் என்று கேட்பது முறுக்கா? நம் மறைமாவட்டத்தார் ஓரியூருக்கு நடந்து போகிறோம். அங்கே நாம் வணங்கும் புனித அருளானந்தர் யார்? 1686இல் சிறைபிடிக்கப்பட்டு, சேதுபதியின் முன் நிறுத்தப்பட்டு, இனி மறவர் சீமையில் போதிக்கலாகாது என்ற தடையோடு விடுவிக்கப்பட்ட அந்நியர். ஐரோப்பாவுக்குப் போனார், தடையை அறிந்தே திரும்பி வந்தார், 1693 பிப்ரவரி 4 அன்று வெட்டுண்டார். ஆணையை மீறும் ஒவ்வொருவரும் அருளானந்தர் ஆகிவிடுவதில்லை. காசு வாங்கிக்கொண்டு நடுக்கடலில் மக்களை இறக்கிவிடும் படகுத் தரகன் மறைசாட்சி அல்லன். அருளானந்தர் தண்டனைக்கு ஒளியவில்லை. அரசனின் அதிகாரத்தைக் கேலி செய்யவுமில்லை. ஆயினும், சட்டம் சட்டந்தான் என்று ஒரே மூச்சில் முடித்துவிடுகிறவர்கள் ஓரியூரின் சிவந்த மண்ணை எந்த மனத்தோடு நெற்றியில் பூசிக்கொள்கிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

விவிலியம் இக்கேள்விக்குச் சத்திரத்தை விடையாகத் தரவில்லை. எபிரேயத்தில் ‘கேர்’ என்று வழங்கும் அந்நியனை மோசேயின் சட்டம் இரக்கத்தின் கணக்கில் மட்டும் வைக்கவில்லை. நாட்டில் பிறந்தவனுக்கும் தங்கியிருக்கும் அந்நியனுக்கும் ஒரே சட்டம் என்று விடுதலைப் பயண நூலும் லேவியர் நூலும் விதிக்கின்றன. கதிர் பொறுக்க அவனுக்கு உரிமை உண்டு, ஓய்வுநாள் உண்டு, குற்றம் செய்தால் தண்டனையும் உண்டு.

எங்கள் பங்கின் திருமுழுக்குப் பதிவேட்டில் பெற்றோரின் சொந்த ஊர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. முகாமிலிருந்து குழந்தையைத் தூக்கிவந்த ஒரு குடும்பத்தாரிடம் அதனைக் கேட்டேன். “பேசாலை எண்டு எழுதுங்கோ ஃபாதர்” என்றார் பாட்டி. குழந்தையின் தந்தை பேசாலையைக் கண்டதில்லை, முகாமிலேயே பிறந்தவர். “முகாம் பேரையே எழுதிடுங்க ஃபாதர்” என்றார். கட்டம் மிகச் சிறியது. ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டையும் நெருக்கி எழுதினேன்.