இறுகும்போது எது வெளியேறுகிறது?

சிலிக்கோன் ரப்பர் வாங்கும் உற்பத்தியாளர் பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடு நின்றுவிடுகிறார்: ஷோர் ஏ அளவில் கடினம் எவ்வளவு, கிலோ என்ன விலை. இரண்டும் தேவையான கேள்விகள்தாம். ஆனால் 40 ஷோர் கடினமுள்ள இரண்டு ரப்பர்களில் ஒன்று பால்புட்டிக் காம்புக்கு ஏற்றதாகவும் மற்றது குழந்தையின் வாயருகே கொண்டுபோகவே கூடாததாகவும் இருக்கலாம். இறுகும் முறைதான் அந்த வேறுபாட்டை உண்டாக்குகிறது. இறுகும்போது எது வெளியேறுகிறது, எது உள்ளேயே தங்குகிறது என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

அச்சு எடுப்பவர்கள் நெடுங்காலமாக நம்பியிருப்பது வெள்ளீயச் சேர்மத்தால் இறுகும் வகை. விலை குறைவு, கலவை விகிதம் சற்றுப் பிசகினாலும், மூலச் சிற்பத்தின் களிமண்ணில் கந்தகம் இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். ஆனால் இறுகும்போது ஆல்கஹால் வெளியேறுவதால் அச்சு மெல்லச் சுருங்குகிறது. சிலைக்கு இது பெரிய குறையல்ல. அளவு பிசகக்கூடாத இயந்திர உறுப்புக்கு இதே அச்சு உதவாது. முழுதாக இறுகும் முன் மூடிய இடத்தில் சூடாக்கினால் மீண்டும் இளகிவிடுவதும் உண்டு.

பிளாட்டினம் வகையில் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று சேர்கின்றன. துணைப்பொருள் எதுவும் பிறப்பதில்லை. அறை வெப்பத்தில் வார்த்தால் சுருக்கம் மிக அற்பம். ஆனால் இதில் வினையூக்கியாக இருக்கும் பிளாட்டினம் எளிதில் நஞ்சேறக்கூடியது. கந்தகம், அமீன், வெள்ளீயம் ஆகியவற்றில் எது பட்டாலும், பட்ட இடம் இறுகாமல் பிசுபிசுவென நின்றுவிடும். வெள்ளீய வகையைக் கலக்கிய பாத்திரமோ லேடெக்ஸ் கையுறையோகூட வார்ப்பைக் கெடுத்துவிடும். பலவகை வேலைகள் ஒரே மேசையில் நடக்கும் சிறு பட்டறைக்கு இந்தத் தூய்மை பெரிய சுமை.

குழாய், கேஸ்கட், கம்பி உறை ஆகியவற்றுக்குப் பெராக்சைடு வகையே இன்றும் மிகுதியாகப் பயன்படுகிறது. சூட்டில் பெராக்சைடு சிதைந்து ரப்பரைப் பிணைக்கிறது. சிதைவின் மிச்சங்கள் உள்ளேயே தங்குகின்றன. அவற்றை விரட்டத்தான் சுமார் 200 பாகை செல்சியஸில் சில மணி நேரம் ஓவனில் வைக்கிறார்கள். மின்செலவை மிச்சப்படுத்த இந்தக் கட்டத்தைக் குறைப்பதைவிடப் பெரிய தவறு இத்தொழிலில் இல்லை. சிலவகைப் பெராக்சைடுகளில் குறை பின்னர் வெண்பொடியாக மேற்பரப்பில் பூத்து வெளிப்படும். மற்றவற்றில் அந்த எச்சரிக்கையும் கிடைக்காது. காற்றின் ஈரத்தில் இறுகும் சிலிக்கோன் ஒட்டுப்பசை வேறொரு வகை. அதில் காடி நெடி வந்தால் வெளியேறுவது அசிட்டிக் அமிலம். செம்பு இருக்கும் மின்சுற்றுப் பலகையில் அதைப் பூசக்கூடாது.

‘பிளாட்டினம்’ என்று அச்சிட்டாலே பாதுகாப்பு உறுதி என்ற விளம்பரத்தையும் நான் ஏற்கவில்லை. எந்த வகையானாலும் மூலப்பொருளிலிருந்து வரும் சிறு வளைய சிலாக்ஸேன்கள் ரப்பரில் தங்கியிருக்கலாம். அவற்றுள் டி4, டி5, டி6 மூன்றையும் ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் மிகுந்த கவலைக்குரிய வேதிப்பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. பிளாட்டினம் வகைக்கும் ஓவன் தேவைப்படுவது இதனால்தான்.

உணவைத் தொடும் சிலிக்கோனில் ஆவியாகும் பொருள் 0.5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது ஜெர்மனியின் பரிந்துரை. உலர்ந்த துண்டொன்றைத் துல்லியமாக நிறுத்து, 200 பாகையில் 4 மணி நேரம் வைத்து, ஆறியபின் மறுபடி நிறுத்துப் பார்த்தால் இழப்பு தெரிந்துவிடும். கொள்முதல் ஒப்பந்தத்தில் கடினத்துக்கும் விலைக்கும் பக்கத்தில் இந்த எண்ணையும் எழுதிக் கேட்க வேண்டும்.