தேவகி கேளாத மழலை

பெருமாள் திருமொழியின் ஏழாம் திருமொழியில் தேவகியின் நிலையில் நின்று குலசேகரப் பெருமாள் புலம்புகிறார். இத்திருமொழியை விளக்க வருவோர் பலரும் முதலில் 66ஆம் குறளை எடுத்துக்காட்டுவது வழக்கமாகிவிட்டது. மழலையின் இனிமைக்குக் குழலும் யாழும் நிகராகா என்பது அக்குறளின் கருத்து. அவ்வினிமையைச் செவியாரப் பெறாதவள் தேவகி. ஆகவே புலம்பினாள் என்று சொல்லி அடுத்த பாசுரத்திற்குச் சென்றுவிடுகிறார்கள். இவ்விளக்கம் பிழையன்று. ஆனால் ஆழ்வார் காட்டும் இழவின் ஆழத்தை இது எட்டவில்லை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

முதலில் ஒரு செய்தியை நினைவு கொள்ள வேண்டும். அவதரித்த கண்ணனின் முதல் வார்த்தையைக் கேட்ட தாய் தேவகியே. நான்கு திருத்தோள்களோடு தோன்றியவனைக் கண்டு வசுதேவரும் தேவகியும் துதித்ததையும், இவ்வுருவை மறைத்தருள வேண்டும் என்று அவர்கள் வேண்டியதையும், அதற்கு அவன் விடையளித்ததையும் ஸ்ரீவிஷ்ணுபுராணத்தின் ஐந்தாம் அம்சமும் ஸ்ரீபாகவதத்தின் பத்தாம் ஸ்கந்தமும் கூறுகின்றன. முற்பிறவியில் தன்னை மகனாக வேண்டிய அவளது விருப்பமே நிறைவேறியது என்று அவன் அன்று சொன்னான். எழுத்தும் சொல்லும் பொருளும் நிரம்பிய பேச்சு அது. எந்தத் தாய்க்கும் கிட்டாத பேறு. எனவே அவன் குரலையே கேட்கப் பெறாதவள் என்று அவளைச் சொல்ல இயலாது. நிரம்பிய சொல்லைக் கேட்டவள் நிரம்பாத சொல்லுக்காக அழுகிறாள் என்பதே நாம் விடை காண வேண்டிய வினா.

ஆழ்வாரின் பாசுர அடைவே இவ்வினாவுக்கு விடை தருகிறது. முதற்பாசுரத்தில் தேவகி சொல்லும் இழவு பிள்ளையின் பேச்சைப் பற்றியதன்று. தன் பேச்சைப் பற்றியது. வாய் நிறையத் தாலாட்டும் பேறு தனக்கு வாய்க்கவில்லை என்றும், அதனால் தாயர் எல்லாரினும் தான் கடைப்பட்டவள் என்றும் அவள் வருந்துகிறாள். மூன்றாம் பாசுரத்தில் காட்சி ஆய்ப்பாடிக்கு மாறுகிறது. பெண்கள் பிள்ளையை முறைமுறையாக மடியில் இருத்திக் கொஞ்சுகிறார்கள். தகப்பன் யார் என்று கேட்கிறார்கள். பிள்ளை வாய் திறக்கவில்லை. சிவந்த விரலாலும் கடைக்கண்ணாலும் சுட்டிக்காட்டுகிறான். அச்சுட்டு நந்தகோபரிடம் சென்று நின்றது. வசுதேவர் அதனைப் பெறவில்லை.

இவ்விரு பாசுரங்களையும் சேர்த்து நோக்கினால் குழவியின் முதற்சொல் எத்தகையது என்பது விளங்கும். அது தானாகத் தோன்றும் ஓசையன்று, ஒரு மறுமொழி. தொட்டிலருகே பல நாள் பேசியவர்களுக்கு, கேள்வி கேட்டுக் காத்திருந்தவர்களுக்கு, பிள்ளை தரும் விடை. அதனால்தான் அம்மா, அப்பா என்னும் உறவுச்சொற்களைப் பிள்ளையின் வாயிலிருந்து முதலில் கேட்க வேண்டுமென்று ஒவ்வொரு குடும்பமும் தவிக்கிறது. அந்த மகிழ்ச்சி செவிக்கு மட்டும் உரியதன்று. நான் இவனுக்கு இன்னார் என்பதை அவன் வாயாலேயே அறிந்துகொள்ளும் மகிழ்ச்சி அது. தாலாட்டப் பெறாத தேவகிக்கு மறுமொழி பெறும் வழியே அடைபட்டுவிட்டது. சிறையில் அவள் கேட்டது ஸ்வாமி தன் அடியார்க்குச் சொன்ன விடை. மகன் தாய்க்குச் சொல்லும் விடை கோகுலத்தில் யசோதைக்குக் கிட்டியது. அன்று பரத்வம் பேசியது. ஸௌலப்யத்தின் பேச்சை அவள் கேட்கவில்லை.

பெரியாழ்வார் திருமொழியும் இதற்குத் துணை நிற்கிறது. செங்கீரை, சப்பாணி, தளர்நடை ஆகியவற்றுக்குத் தனித்தனித் திருமொழி அருளிய ஆழ்வார், பேச்சுப் பருவத்திற்கென்று தனியே ஒன்று அருளவில்லை. கண்ணனின் மழலையை அம்புலிப் பருவத்தில் வைத்திருக்கிறார். வாயூறலோடு கலந்து தெளியாமல் வரும் சொற்களால் பிள்ளை சந்திரனை அழைக்கிறான். அதைக் கேட்டும் நில்லாமல் போனால் உனக்குச் செவித்துளை இருந்தும் பயனில்லை என்று தாய் சந்திரனைக் கடிந்துகொள்கிறாள். சொல் இனிதாக இருக்கிறது, கேட்டு மகிழ்வாயாக என்று அவள் சொல்லவில்லை. அழைத்தவனுக்கு விடை சொல் என்றே வற்புறுத்துகிறாள். முன்னிலையில் ஒருவர் இருந்து ஏற்கும்போதே மழலை சொல்லாகிறது என்பது பெரியாழ்வாருக்கும் கருத்தாகும்.

ஒரு தடை எழலாம். ஏழாம் திருமொழியில் தேவகி பார்வையை இழந்தேன், தீண்டலை இழந்தேன், வெண்ணெய் அளைந்த கோலத்தை இழந்தேன் என்று பலவும் சொல்கிறாளே. பேச்சுக்கு மட்டும் ஏன் இத்தனை ஏற்றம்? இதற்கு ஒன்பதாம் திருமொழி விடையளிக்கும். அங்கே புலம்புபவர் தசரதர். அவர் பிள்ளையைக் குழவிப் பருவம் முதல் சீராட்டியவர். எல்லாம் பெற்று இழந்தவர். அப்புலம்பலில் ஒரு பாசுரத்தில் அவர் தம் இழவுகளை வரிசைப்படுத்துகிறார். தழுவுதல், உச்சி மோத்தல், நடையழகு, முகத்தழகு எல்லாம் பின்னே வர, மகன் ஆர்வத்தோடு தம்மை அழைக்கும் சொல் முன்னே நிற்கிறது. இராமபிரான் அப்போது வளர்ந்த பிள்ளை, மழலை கடந்தவன். இனிமை மட்டுமே கருத்தாயின் அந்த அழைப்பு முதலிடம் பெற வேண்டியதில்லை. உறவைச் சொல்லும் சொல்லாதலின் பெற்றது.

இடையிலுள்ள எட்டாம் திருமொழி திருக்கண்ணபுரத்து எம்பெருமானை இராமனாகக் கொண்டு கோசலையின் பாவத்தில் பாடிய தாலாட்டு. தேவகி பாடப் பெறாததைக் கோசலை பாடுகிறாள். அவளுக்குப் பின் தசரதர் அழுகிறார். தாலாட்டு இல்லாமையால் வந்த இழவு ஒருபுறம். தாலாட்டுக்குக் கிடைத்த மறுமொழியை இழந்த இழவு மறுபுறம். இம்மூன்றையும் தனித்தனியே பிரித்து விளக்குவதால் இத்தொடர்ச்சி மறைந்துபோகிறது.

இதனால் நமக்கு ஆவது என்ன? புறநானூற்றின் 92ஆம் பாட்டில் ஔவையார், பொருள் விளங்காத மழலை தந்தையர்க்கு அருளை விளைப்பதுபோலத் தம் சொல்லும் அதியமானுக்கு ஆகிறது என்கிறார். புலவரும் புரவலரும் நின்ற இடத்தில் அடியானும் எம்பெருமானும் நிற்பதாகக் கொண்டால் நம் ஸ்தோத்திரங்களின் நிலை தெரியும். நம் துதி எழுத்து நிரம்பாத பேச்சே. ஆயினும் அதைக் கேட்க அவன் காத்திருக்கிறான். ஏனெனில் முதலில் அழைத்தவன் அவன். கருவிகளையும் உடலையும் தந்து, அவதரித்து, ஆழ்வார்களைத் தந்து நம்மோடு பேசத் தொடங்கியவன் அவன். நாம் சொல்லும் ஒரு திருநாமம் அந்த நெடுங்கால அழைப்புக்கு மறுமொழி. தேவகிக்குக் கிட்டாதது தங்கள் வீடுகளில் நாளும் கிட்டுகிறது என்று மகிழும் பெற்றோர், அம்மகிழ்ச்சியையே அளவாகக் கொண்டு எம்பெருமானின் உவப்பை ஓரளவு உணரலாம். ஏழாம் திருமொழியை அனுசந்திக்கும்போது குறளோடு நில்லாமல் இவ்வளவும் சேர்த்து உரைப்பதே ஆழ்வார் திருவுள்ளத்திற்கு ஏற்றது.