சூழ்ச்சியும் வெற்றித் தகுதியும்: சுவிஸ் 'பிக் பிரதர்', தமிழ் 'பிக் பாஸ்' ஓர் ஒப்பீடு

பழந்தமிழில் 'சூழ்ச்சி' என்பது ஆராய்ந்து எண்ணுதல், இன்றோ வஞ்சனை. திறமிக்க உத்தியாளரே போட்டியில் வெல்லத் தக்கவரா என்னும் வினா இவ்விரு பொருள்களுக்கிடையே நிற்கிறது. 2000இல் சுவிட்சர்லாந்தின் டிவி3 ஒளிபரப்பிய 'பிக் பிரதர்' நிகழ்ச்சியில் இல்லத்தார் முன்மொழிய, பார்வையாளர் வாக்கு முடிவு செய்தது. தமிழ் 'பிக் பாஸ்' இவ்வழியினதே: 2017இல் இல்லத்தாரிடையே தனிமைப்பட்ட ஓவியா மக்களிடம் பேராதரவு பெற்றார். அமெரிக்க 'சர்வைவர்' 2000இல் வெளியேற்றப்பட்டோரையே நடுவராக்கியது. கூட்டணி அமைத்துப் பலரை வெளியேற்றிய ரிச்சர்ட் ஹாட்ச் 4-3 என வென்றார்.

ஆகவே தீர்ப்பளிப்போர் யாவர் என்பதை எண்ணாத உத்தி முழுமையான உத்தியாகாது. வீழ்ந்தோரின் மதிப்பையோ பார்ப்போரின் பரிவையோ இழந்து தோற்றவருக்கு அநீதி இழைக்கப்படவில்லை. சூழ்ச்சியின் பழம்பொருளில் அவரே குறையுடையவர்.