சாணைச் சூடும் காந்த இரைச்சலும்

கார்ப்புரைசிங் செய்து, எண்ணெயில் குளிர்வித்து, கடைசியாகச் சாணைச் சக்கரத்தில் தேய்த்தெடுத்த கியர் பல் கண்ணுக்குக் குறையில்லாமல் மின்னும். ஆனால் தேய்க்கும்போது சூடு எல்லை மீறியிருந்தால், அந்தப் பளபளப்புக்கு அடியில் உருக்கின் குணம் மாறியிருக்கும். ஏறக்குறைய 150 முதல் 200 டிகிரி செல்சியஸில் பதமிட்ட மார்ட்டென்சைட் என்ற கடின அமைப்பு, அதற்கு மேல் சூடு பட்டால் மென்மையாகிவிடும். சூடு 700 டிகிரியையும் கடந்து போனால், அந்த இடம் குளிரும்போது மீண்டும் கடினமாகி, பதமில்லாத நொறுங்கும் படலமாகிவிடும். இத்தகைய இடங்களில் அல்லது அவற்றின் ஓரங்களில் இழுவிசைத் தகைவு தங்குகிறது. சோர்வு விரிசல் பிறக்க அது போதும்.

இதைக் கண்டுபிடிக்கப் பட்டறைகள் நெடுங்காலமாக நம்பி வந்தது நைட்டல் சோதனை. நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் முக்கியெடுத்தால் மென்மையான இடம் கறுக்கும், மறுபடி கடினமான இடம் வெளுக்கும். முழுப் பரப்பையும் ஒரே பார்வையில் காட்டுவது அதன் பெரிய பலம். குறைகளும் உண்டு. தீர்ப்பு பார்ப்பவரின் கண்ணைப் பொறுத்தது. தகைவு மட்டும் மாறியிருந்தால் அமிலம் அதைக் காட்டாது. மிகு வலிமை உருக்கில் அமிலத்தால் ஹைட்ரஜன் புகுந்து நொறுங்குதன்மை வரும் அபாயமும் இருக்கிறது.

காந்த வழி வேறு. மாறும் காந்தப்புலத்தில் இரும்பு சீராகக் காந்தமாவதில்லை, சிறு சிறு தாவல்களாகவே காந்தமாகிறது என்பதை 1919-இல் ஹைன்ரிக் பார்க்ஹௌசன் கண்டறிந்தார். உள்ளே இருக்கும் சிறு காந்தப் பகுதிகளின் எல்லைச் சுவர்கள் கார்பைடுகளிலும் படிகக் குறைகளிலும் சிக்கிச் சிக்கி விடுபடுவதே அதற்குக் காரணம். கடினமான உருக்கில் இந்தத் தாவல்கள் எழுப்பும் இரைச்சல் குறைவாகவும் மென்மையான உருக்கில் மிகுதியாகவும் இருக்கும். இழுவிசைத் தகைவு அதை உயர்த்தும், அமுக்கத் தகைவு தாழ்த்தும்.

முறையின் வலிமையும் பலவீனமும் இந்த இரட்டை உணர்திறனில்தான் அடங்கியிருக்கின்றன. மென்மையாகிப்போன இடத்தில் கடினம் குறைகிறது, இழுவிசை கூடுகிறது. இரண்டுமே இரைச்சலை உயர்த்துவதால் குறை தெளிவாக வெளிப்படும். மறுபடி கடினமான இடத்திலோ கடினம் இரைச்சலைத் தாழ்த்த, தகைவு அதை உயர்த்தக்கூடும். ஒன்றையொன்று ஈடுசெய்துவிட்டால், மிக மோசமாகக் கருகிய இடம் நல்ல இடத்தின் இரைச்சல் எண்ணையே காட்டும். எண் ஒன்றுதான், அதன் பின்னாலிருக்கும் காரணங்கள் இரண்டு.

பூச்சு வந்துவிட்டால் காந்த வழிக்கு ஈடில்லை. விமானத்தின் லேண்டிங் கியர் உருக்கின் மேல் கடின குரோம் பூசுகிறார்கள். அந்தக் குரோமைத் தேய்க்கும் சூடு அடியிலுள்ள உருக்கைக் கருக்கலாம். குரோமை உரிக்காமல் அமிலம் அங்கே போய்ச் சேராது. குரோம் இரும்பைப்போல் காந்தமாகாததால் இரைச்சல் அதைக் கடந்து வரும். விமானத் துறையில் இந்த இரைச்சல் சோதனைக்கென்றே எஸ்.ஏ.இ. தரநிர்ணய அமைப்பின் ஏ.ஆர்.பி. 4462 என்ற நெறிமுறை இருக்கிறது. ஆனால் பூச்சு தடித்தால் உணரிக்கும் உருக்குக்கும் இடைவெளி கூடும், சிக்னல் மெலியும். அதனால் பூச்சின் தடிமனை முதலில் அளக்காமல் எடுத்த எண்ணுக்குப் பொருளில்லை. மின்முலாம் பூசிய நிக்கலோ தானே காந்தமாகும், அடியிலிருந்து வரும் செய்தியைக் குழப்பிவிடும்.

இன்னொரு வரம்பு ஆழம். வழக்கமான உயர் அதிர்வெண் அளவீடு மேற்பரப்பின் மெல்லிய படலத்தையே படிக்கிறது. கடினப்படுத்திய அடுக்கின் முழு ஆழத்தையும் அது சொல்லாது. அதனால் இரைச்சலை மட்டும் நம்பாமல் வேறு அளவீடுகளும் துணைக்கு வேண்டும். வெப்பப் பதத்தால் உருக்கின் நுண்ணமைப்பு மாறுவதை இந்த இரைச்சலைக் கொண்டு கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். அங்கே நுண்ணோக்கியும் கடினமானியும் இரைச்சலோடு சேர்த்தே வைக்கப்பட்டன. பட்டறை பின்பற்ற வேண்டிய ஒழுங்கு இதுவே.

இரைச்சல் எண்ணுக்கென்று பொது அலகு கிடையாது. உணரியின் முனை, காந்தமூட்டும் மின்னழுத்தம், குளிர்வித்தபின் உருக்கில் மாறாமல் மிஞ்சிய ஆஸ்டெனைட் அமைப்பு ஆகிய எல்லாமே அதை மாற்றும். ஆகவே அதே உருக்கில் வேண்டுமென்றே கருக்கிய மாதிரிகளைச் செய்து, எக்ஸ்-ரே தகைவு அளவீட்டாலும் நுண்கடினச் சோதனையாலும் உறுதிசெய்து, அவற்றோடு ஒப்பிட வேண்டும். மேல் எல்லை மட்டும் வைத்துக்கொண்டு தேர்ச்சி என்று முத்திரை குத்துவது ஆபத்து. கீழ் எல்லையும் வேண்டும், ஒரு புள்ளியோடு நிற்காமல் பல் முழுவதும் வருடிப் பார்க்கவும் வேண்டும். கருகிய திட்டின் நடுப்பகுதி நல்ல எண்ணைக் காட்டினாலும், சுற்றிலும் மென்மையான ஓரம் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.