பாலம் உட்காரும் இடம்

நிலநடுக்கத்திலிருந்து பாலத்தைக் காக்க இரண்டு வழிகள் உண்டு. தூணையும் அடித்தளத்தையும் எந்த உலுக்கலுக்கும் ஈடுகொடுக்கும்படி பருமனாகக் கட்டுவது பழைய வழி. தூணின் தலைக்கும் மேல்தளத்துக்கும் நடுவே நெகிழும் பேரிங்கை வைத்து, நிலத்தின் ஆட்டம் முழுவதும் மேலே ஏறாமல் தடுப்பது புதிய வழி. பொறியாளர்கள் இதை சீஸ்மிக் ஐசொலேஷன் என்கிறார்கள். இதற்கான ஈய ரப்பர் பேரிங் என்பது ரப்பரும் எஃகுத் தகடும் மாறி மாறி ஒட்டப்பட்ட ஒரு கட்டை. அதன் நடுவில் ஈய உருளை. லாரிகளின் எடையைத் தகட்டடுக்கு சுமக்கும், பக்கவாட்டில் ரப்பர் வளைந்து கொடுக்கும், ஈயம் உருக்குலைந்து அதிர்வின் ஆற்றலை வெப்பமாக்கிவிடும். 1970களில் நியூசிலாந்தின் பில் ராபின்சன் உருவாக்கியது இது. அரை நொடிக்கு ஒருமுறை வெடுக்கென்று ஆடக்கூடிய பாலத்தை, இரண்டு நொடிக்கு ஒருமுறை மெல்ல அசையும் பாலமாக இது மாற்றுகிறது. கெட்டியான தரையில் நிலநடுக்கத்தின் கடுமை பெரும்பாலும் வேகமான அசைவுகளில் இருப்பதால், தூணுக்கு வரும் விசை வெகுவாகக் குறைகிறது. சிறந்த முறைதான், ஐயமில்லை. ஆனால் விசை குறைந்த அளவுக்கு அசைவு கூடுகிறது. அந்த அசைவுக்கு இடைவெளி விடவும், பேரிங்கைக் காலாகாலத்தில் பார்த்துக்கொள்ளவும் ஏற்பாடு இல்லாத துறையின் கையில் இந்த முறை பாதிப் பலனே தரும்.

1995 ஜனவரி 17 நிலநடுக்கத்தில் ஜப்பானின் கோபே நகரில் ஹான்ஷின் விரைவுச்சாலையின் 635 மீட்டர் நீளப் பகுதி அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தது. தூண்கள் உடைந்ததே காரணம். அதன்பின் ஜப்பானியப் பாலங்களில் ரப்பர் பேரிங் பரவலானது. ஆனால் 2011 நிலநடுக்கத்தில் செண்டாய் கிழக்கு மேம்பாலத்திலும், 2016இல் குமமோட்டோ பகுதியின் ஓகிரிஹதா பாலத்திலும் அந்த ரப்பர் பேரிங்குகளே கிழிந்தன. துருக்கியின் போலு மேம்பாலம் இன்னும் கடுமையான பாடம். அசைவை அனுமதிக்கும் கருவிகளோடு கட்டி முடிக்கப்படும் தறுவாயில் இருந்த அந்தப் பாலத்தின் குறுக்காகவே 1999 நவம்பர் 12 அன்று நிலப்பிளவு ஓடியது. கணக்கிட்ட எல்லையைத் தாண்டி தளம் நகர்ந்து, கருவிகள் நாசமாயின. தளம் கீழே விழவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மண்ணும் இதில் சேர்த்தி. 1985 நிலநடுக்கத்தில் மெக்சிகோ நகரத்தின் பழைய ஏரிப்படுகை ஏறத்தாழ இரண்டு நொடிக்கு ஒருமுறை ஆடியது. அத்தகைய மண்ணில், இரண்டு நொடிக்கு மாற்றப்பட்ட பாலம் அதிர்வை விட்டு விலகுவதற்குப் பதில் அதன் தாளத்தோடு சேர்ந்துகொள்ளும்.

புதுக்கோட்டை மாவட்டத்தின் வல்லத்திராக்கோட்டைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பது நியாயமே. 2002இல் திருத்தப்பட்ட நிலநடுக்க மண்டல வரைபடத்தில் இந்த மாவட்டம் குறைந்த அபாயமுள்ள இரண்டாம் மண்டலத்தில் இருக்கிறது; வெள்ளாற்றுப் பாலங்களுக்கு வெள்ளமும் மண்ணரிப்புமே முதல் எதிரி. 2018 ஆகஸ்டில் திருச்சியில் பழைய கொள்ளிடம் பாலத்தின் தூண்களைச் சாய்த்தது வெள்ளம்தான். ஆகவே இங்கே ஈய ரப்பர் பேரிங் கேட்பது பணத்தை வீணாக்குவது. ஆனால் வரைபடத்தை மட்டும் நம்பி நிம்மதி கொள்வதும் தவறு. 1993 நிலநடுக்கத்தில் லாத்தூர் மாவட்டத்துக் கில்லாரி, மிகக் குறைந்த அபாயம் என்று குறிக்கப்பட்ட மண்டலத்தில் இருந்தபடியே அழிந்தது. 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூரை உலுக்கியதும் ஏறக்குறைய 6 ரிக்டர் அளவுள்ள நிலநடுக்கம். இத்தகைய இடங்களுக்கு மலிவான காப்பு இருக்கிறது: தளம் நகர்ந்தாலும் தூணிலிருந்து நழுவாதபடி அகலமான இருக்கை, தளத்தைப் பிடித்து நிறுத்தும் தடுப்புகள். 2001 ஜனவரி 26 நிலநடுக்கத்தில் குஜராத்தின் கட்சுக்குள் போகும் சூரஜ்பாரி பாலத்தில் தளங்கள் பேரிங்கை விட்டு இடம்பெயர்ந்தன. அங்குள்ள புஜ் நகர மருத்துவமனையை அதன்பின் ஈய ரப்பர் பேரிங்கின் மேல் மறுபடி கட்டினார்கள். அந்த மண்ணில் பாலங்களுக்கும் அதே அக்கறை தேவை.

இந்தப் பேரிங்கின் விலை அதிகம் என்பது இன்னொரு மறுப்பு. புதுப் பாலத்தில் அடித்தளச் செலவு குறைவதால் அது ஓரளவு ஈடாகும். பழைய பாலத்தில்தான் இந்த முறையின் உண்மையான வாய்ப்பு இருக்கிறது. தண்ணீருக்குள் நிற்கும் தூணைப் பருமனாக்குவதைவிட, தளத்தை ஜாக்கி வைத்துத் தூக்கிப் பேரிங்கை மாற்றுவது எளிது. திருச்சிக் காவிரிப் பாலம் பேரிங், தளங்களுக்கு இடையிலான விரிவு இணைப்பு ஆகியவற்றின் பழுதுக்காக 2022 நவம்பரில் மூடப்பட்டு 2023 மார்ச்சில்தான் திறந்தது. அத்தனை மாதம் மக்கள் சுற்றிப்போகத் தயாராக இருக்கும்போது, நிலநடுக்கக் கணக்கையும் அதே வேலையில் சேர்த்துப் பார்க்கலாம். அந்த 2002 வரைபடத்தில் சென்னைபோல் மூன்றாம் மண்டலத்தில் குறிக்கப்பட்ட ஊர்களில் கட்டாயம் பார்க்க வேண்டும். இந்தியச் சாலைப் பேராயம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டியில் இதற்கான விதிகள் ஏற்கெனவே உள்ளன.

விதி இருந்தும் எனக்குள்ள கவலை பராமரிப்பைப் பற்றியது. 2025 ஜூலை 9 அன்று குஜராத்தில் மஹி ஆற்றின் மேலிருந்த கம்பீரா பாலம் இடிந்தது. நிலம் அதிரவில்லை. பேரிங் அமரும் பீடமும் தள இணைப்பும் நொறுங்கியதே காரணம் என்று முதற்கட்ட விசாரணையில் அரசு சொன்னது. நம் சாலைப் பாலங்களில் விரிவு இணைப்பு மண்ணும் தாரும் அடைத்துக் கிடக்கிறது. தூண் தலையில் ஆலங்கன்று முளைத்து, பேரிங்கின் விளிம்பு மறைந்துபோகிறது. அசைய வேண்டிய இடைவெளியே அடைபட்டால் எவ்வளவு விலை உயர்ந்த பேரிங்கும் அசையாது. கணக்கில் இல்லாத விசை நேரே தூணுக்குப் போகும். எனவே இனி ஒரு பாலத்துக்கு இந்த வகைப் பேரிங் கேட்டு டெண்டர் விடும்போது, தூண் தலையில் ஆள் நின்று பார்க்க மேடை, அசைவை அளக்க அளவுகோல், ஜாக்கி வைக்க இடம், ஆண்டுதோறும் இணைப்பைச் சுத்தம் செய்யத் தனி நிதி ஆகிய நான்கும் அதே ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். இவை இல்லாத ஒப்பந்தத்தில் அந்தப் பேரிங்கை வாங்கவே கூடாது.