மரப்பாச்சியும் ஆதனும்

சிறுவர் நூல்களுக்கான பால சாகித்திய புரஸ்கார் 2010-இல் தொடங்கியது. தமிழில் முதல் விருது மா. கமலவேலனின் ‘அந்தோணியின் ஆட்டுக்குட்டி’க்கு. பிறகு பாடல்கள், சிறுகதைகள் என்று பலவும் வாங்கின. நாவல்களில் நான் திரும்பத் திரும்ப எடுப்பவை இரண்டு: யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ (2020), உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ (2023).

பாலியல் சீண்டலைப் பற்றி ஒரு சிறுமியிடம் யார் பேசுவது? அம்மா பேசினால் மிரட்டலாகிவிடும், டீச்சர் பேசினால் பாடமாகிவிடும். பாலபாரதி அந்தப் பொறுப்பை மரப்பாச்சியிடம் கொடுக்கிறார். எவ்வளவு பொருத்தமான தேர்வு! குரோம்பேட்டை அடுக்குமாடிக் கொலுவிலும் முதலில் எடுத்துவைப்பது அந்த ஜோடியைத்தானே. செஞ்சந்தனக் கட்டை, உடம்போடு ஒட்டிச் செதுக்கிய கைகள், மூன்று தலைமுறை தொட்டுத் தொட்டு மழுமழுவென்றான முகம். அந்த வீட்டுப் பெண்பிள்ளைகள் எல்லோரையும் பார்த்த பொம்மை அது. பேச அதற்கு உரிமை உண்டு. குழந்தையின் உயரத்தில் நின்று, மழுப்பாமல் பேசுகிறது.

சேலையூரில் என் அக்கா மகள் படித்து முடித்த கையோடு அடுப்படிக்குப் போனாள். “சின்ன வயசுல உனக்கு இப்படி நடந்திருந்தா யார்ட்டம்மா சொல்லியிருப்ப?” அக்கா அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள். வெகுநேரம் பேசினார்கள். விருதுக்குழு எதைப் பார்த்துக் கொடுத்ததோ, எனக்கு அந்த ஒரு கேள்வி போதும்.

உதயசங்கரின் துணிச்சல் வேறு வகை. ஆதன் என்பது கீழடிப் பானையோடுகளில் கீறியிருந்த பெயர். அந்தக் கீறலுக்குக் கைகால் முளைக்கவைத்து, இன்றைய பையன் ஒருவனுக்குச் சிநேகிதனாக்கிவிடுகிறார். அதைப் படித்த பிள்ளை அருங்காட்சியகத்துக்குப் போனால், கண்ணாடிக்குள் இருக்கும் ஓட்டைப் பார்த்து ‘நம்ம ஆதன்’ என்றுதான் சொல்லும்.

எங்கள் பக்கத்துக்கும் இப்படி ஒரு நாவல் வரவேண்டும் என்று எனக்குத் தீராத ஆசை. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் சானடோரியம், குரோம்பேட்டை, அடுத்தது பல்லாவரம். 1863 மே 30-இல் அங்கேதான் ராபர்ட் புரூஸ் ஃபுட் ஒரு பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார்; இந்திய வரலாற்றின் வயது ஒரே நாளில் பல்லாயிரம் ஆண்டுகள் பின்னுக்குப் போனது. அந்தக் கல்லைத் தட்டிக் கூராக்கியவர் பக்கத்தில் ஒரு பிள்ளை குந்தி வேடிக்கை பார்த்திருக்கும். பேரில்லாத அந்தப் பிள்ளைக்கு யாராவது ஒரு பேர் வைத்து எழுதட்டும். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கடைபோட்டு விற்க நான் தயார்.